துகள்களின் நினைவு

தேநீரில் பாலை ஊற்றிக் கலக்கியபின், கரண்டியை எதிர்த்திசையில் எத்தனை முறை சுழற்றினாலும் பால் தனியே பிரிந்து வருவதில்லை. தான் இருந்த இடத்தை அது மறந்துவிடுகிறது. ஆனால், எல்லா நீர்மங்களும் இவ்வாறு மறப்பதில்லை.

கேம்பிரிட்ஜ் அறிவியலறிஞர் ஜி.ஐ. டெய்லர் 1960களில் இதனை ஓர் எளிய செய்முறையால் விளக்கினார். ஒன்றனுள் ஒன்றாக நிற்கும் இரண்டு உருளைகளுக்கிடையே கெட்டியான கிளிசரினை நிரப்பி, அதனுள் சிறிது சாயத்தை இட்டார். உள் உருளையை மெல்லச் சுழற்றியபோது சாயம் இழையாக நீண்டு, கலைந்து மறைந்தது. அதே அளவு எதிர்த்திசையில் சுழற்றியதும் மறைந்த சாயம் பழைய இடத்திலேயே மீண்டும் தோன்றியது. பாகுநிலை மிகுந்த நீர்மம் மெதுவாக ஓடும்போது நிலைமத்திற்கு அங்கு வேலையில்லை. சென்ற வழியே அது திரும்பிவிடுகிறது.

அந்நீர்மத்தில் எண்ணற்ற திண்மத் துகள்கள் மிதந்தால் என்னவாகும்? அமெரிக்காவில் டேவிட் பைன், ஜெர்ரி கோலப் முதலியோர் ஏறத்தாழ 0.2 மில்லிமீட்டர் விட்டமுள்ள மணிகளை நீர்மத்தில் இட்டு, உருளையை முன்னும் பின்னுமாக மெல்ல ஆட்டினர். ஆட்டம் சிறிதாயின் மணிகள் தத்தம் இடம் திரும்பின. ஓர் எல்லையைக் கடந்ததும் அவை வழிதவறின. துகள்கள் நெருங்க நெருங்க அவ்வெல்லை சுருங்கியது. 2005இல் வெளிவந்த இம்முடிவைவிட வியப்பானது 2008இல் வெளிவந்தது.

எல்லைக்கு உட்பட்ட ஆட்டத்திலும் தொடக்கத்தில் துகள்கள் மோதிக்கொள்கின்றன. மோதியவை இடம் பெயர்கின்றன. மோதாதவை தம் இடத்திற்கே திரும்புகின்றன. ஆட்டம் தொடரத் தொடர, ஒன்றையொன்று தீண்டாத இடங்களை எல்லாத் துகள்களும் அடைந்துவிடுகின்றன. அதன்பின் மோதல் இல்லை. அவை படிகம்போல் வரிசையாக நிற்பதில்லை. பார்வைக்குச் சிதறியே கிடக்கின்றன. எனினும், ஒவ்வோர் ஆட்டத்தின் முடிவிலும் ஒவ்வொன்றும் தன் இடம் சேர்கிறது. இடம் காட்டுவோர் எவருமிலர். மோதலே அவற்றுக்கு இடம் தேடித் தருகிறது. எல்லையை நெருங்க நெருங்க இவ்வமைதி கைகூட நெடுநேரமாகிறது. எல்லை கடந்தாலோ அது வாய்ப்பதேயில்லை.

அமைதியுற்ற துகள்களைப் பழகிய அளவைவிடச் சற்று மிகுதியாக ஆட்டினால் மோதல் மீண்டும் தொடங்கும். அது எந்த அளவில் தொடங்குகிறது என்பதைக் கொண்டே, அவை முன்னர் எவ்வளவு ஆட்டப்பட்டன என்பதை அறிந்துகொள்ளலாம். மூளையோ உயிரோ இல்லாத மணிகள், தாம் பட்டதைத் தம் இருப்பிடத்திலேயே பொதிந்து வைத்திருக்கின்றன.