அழகிய முறையில் பிரிதல்



மணவிலக்கை அனுமதித்த திருக்குர்ஆன், அதற்கு ஓர் ஒழுக்கத்தையும் விதித்திருக்கிறது. சேர்ந்திருப்பதானாலும் பிரிவதானாலும் இரண்டும் அழகிய முறையில் அமைய வேண்டும் என்று அல்பகரா அத்தியாயத்தின் 229ஆம் வசனம் கூறுகிறது. சேர்ந்து வாழும் முறை குறித்து நிக்காஹ் மேடைகளில் எத்தனையோ அறிவுரைகளைக் கேட்கிறோம். பிரியும் முறையைப் பற்றிப் பேசுவதற்குத்தான் நமக்குத் தயக்கம். அந்தத் தயக்கத்தின் விலையைப் பல வேளைகளில் பிள்ளைகளே செலுத்துகிறார்கள்.

சில ஆண்டுகளுக்கு முன் என் சாச்சா மகளின் பதினோரு ஆண்டு இல்லறம் முறிவின் விளிம்பில் நின்றது. கணவர் வளைகுடா நாட்டில் பணிபுரிபவர். அடியோ வன்முறையோ இல்லை. இருவருக்குமிடையே மனம் முற்றிலும் விட்டுப்போயிருந்தது. இரு தரப்பும் வழக்கறிஞர்களைப் பார்த்தாயிற்று. மூத்த பையன் என்னிடம் ஓத வருபவன். ஒரு மாலை பாடம் முடிந்த பின்னும் எழுந்து போகாமல் நின்று, "மாமா, உனக்கு யாரைப் பிடிக்கும் என்று ஜட்ஜ் என்னிடம் கேட்பாரா?" என்றான். நான் அவள் தரப்பு நடுவராக அமர ஒப்புக்கொண்டது அந்தக் கேள்விக்குப் பிறகுதான்.

கணவன் குடும்பத்திலிருந்து ஒருவர், மனைவி குடும்பத்திலிருந்து ஒருவர் என நடுவர்களை ஏற்படுத்துமாறு அந்நிஸா அத்தியாயத்தின் 35ஆம் வசனம் வழிகாட்டுகிறது. அவர் தரப்பில் அவருடைய தாய்மாமன் வந்தார். நடுவர்களின் முதற்கடமை இணக்கத்தைத் தேடுவது. முதல் அமர்வு முழுவதையும் அதற்கே செலவிட்டோம். இருவரையும் தனித்தனியே கேட்டோம். இருவருமே பிரிவைத்தான் விரும்பினர்.

வழக்காடுவதென்றால் அவள் என்ன செய்ய வேண்டியிருந்திருக்கும்? 1939ஆம் ஆண்டின் முஸ்லிம் திருமண முறிவுச் சட்டத்தின்படி மனைவி ஒரு காரணத்தை நிரூபிக்க வேண்டும்: கொடுமை, இரண்டு ஆண்டுகள் ஜீவனாம்சம் தராமை, நான்கு ஆண்டுகள் இருப்பிடம் தெரியாமை போன்றவை. அப்படியானால் ஒருவர் குற்றவாளியாக நிற்க வேண்டும், மற்றவர் சாட்சிகளை அழைக்க வேண்டும். படுக்கையறைப் பேச்செல்லாம் குறுக்கு விசாரணையில் வெளிவரும். ஸாபித் இப்னு கைஸ் (ரலி) அவர்களின் மனைவி நபி (ஸல்) அவர்களிடம் வந்தபோது, கணவரின் மார்க்கத்திலோ குணத்திலோ குறை கூறவில்லை என்று புகாரியில் காண்கிறோம். மஹராகப் பெற்ற தோட்டத்தைத் திருப்பிக் கொடுத்துப் பிரிந்தார். எவருடைய மானமும் அங்கே விலைபோகவில்லை.

இரண்டாம் அமர்வில் பொருள் பற்றிய பேச்சு வந்தது. "பெண்தானே விலக விரும்புகிறாள், மஹரையும் நகையையும் விட்டுக்கொடுக்கட்டும்" என்றார் தாய்மாமன். நான் இரண்டு விஷயங்களை எடுத்துச் சொன்னேன். மனைவி மட்டும் கேட்டுப் பெறுவது குலா. இருவரும் ஒருமித்துப் பிரிவது முபாரஅத். இங்கே இருவருமே பிரிய விரும்புகிறார்கள். அடுத்து, மஹர் கணவர் கொடுத்தது. நகை அவளுடைய வாப்பா அவளுக்குப் போட்டது. கணவர் கொடுக்காத ஒன்றைத் திருப்பிக் கேட்பதற்கு எந்த வாசலும் இல்லை. விசாவுக்காக அடகு வைத்த 12 பவுனை மீட்டுத் தருவதாக அவரே தொலைபேசியில் ஒப்புக்கொண்டார். இத்தா காலச் செலவும் பிள்ளைகளின் மாதச் செலவும் அன்றே தீர்மானமாயின.

மூன்றாம் அமர்வு பிள்ளைகளுக்கானது. பிள்ளையைக் காரணமாக வைத்துத் தாயும் துன்புறுத்தப்படக் கூடாது, தந்தையும் துன்புறுத்தப்படக் கூடாது என்பது அல்பகராவின் 233ஆம் வசனம். பிள்ளைகள் தாயிடம் இருப்பது, விடுமுறைக்கு வரும்போது தந்தை தம்மோடு அழைத்துச் செல்வது, வாரந்தோறும் தடையின்றிப் பேசுவது என முடிவாயிற்று. எவரைப் பிடிக்கும் என்று பிள்ளையிடம் யாரும் கேட்கவில்லை.

அப்போது ஒரு பெரியவர், "எழுத்தெல்லாம் எதற்கு, நம்மவர்கள்தானே!" என்றார். கடன் கொடுக்கல் வாங்கலை எழுதிக்கொள்ளச் சொல்லும் வசனமே திருக்குர்ஆனின் மிக நீண்ட வசனம். பணத்துக்கே அவ்வளவு கவனம் என்றால், ஒரு பெண்ணின் வாழ்வையும் இரு பிள்ளைகளின் உரிமையையும் வாய்ச்சொல்லில் விடலாமா? வழக்கறிஞரைக் கொண்டு எழுதி, சாட்சிகளோடு கையொப்பமிட்டோம். அத்துடன் இருவரும் சேர்ந்து, தங்கள் திருமண நிலையை அறிவிக்கக் கோரிக் குடும்ப நீதிமன்றத்தை அணுகினர். 1984ஆம் ஆண்டின் குடும்ப நீதிமன்றச் சட்டம் அதற்கு வழி தருகிறது. ஜமாஅத் கொடுக்கும் தாளே போதும் என்று எண்ணுவோர் கவனிக்க: தனியார் அமைப்புகள் குலா சான்றிதழ் வழங்க முடியாது என்று சென்னை உயர் நீதிமன்றம் 2023இல் கூறியுள்ளது. பள்ளிவாசலில் சமாதானம் பேசலாம். ஆனால் உரிமை நிலைக்கச் சட்டத்தின் முத்திரை வேண்டும்.

ஓர் எச்சரிக்கையும் உண்டு. அடியும் அச்சமும் உள்ள வீட்டில் "வெளியே பேசி முடி" என்று பெண்ணை அழுத்துவது ஸுல்ஹ் ஆகாது. அது அநீதிக்குத் திரை போடுவது. அத்தகையவளுக்கு நீதிமன்றமே பாதுகாப்பு. வருமானம் எவ்வளவு என்று பாராமல் பெண்களுக்கு மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு இலவசச் சட்ட உதவி அளிக்கிறது. தயங்காமல் அங்கே செல்லச் சொல்லுங்கள். இருவரும் அச்சமின்றிப் பேசக்கூடிய இடத்தில் மட்டுமே சமாதானம் என்ற சொல்லுக்குப் பொருள் உண்டு.

இன்று அந்தப் பிள்ளைகளின் தாயும் தந்தையும் இரு வீடுகளில் இருக்கிறார்கள். பெருநாளன்று பிள்ளைகள் இரண்டு வீட்டிலும் சாப்பிடுகிறார்கள். ஒருவரைப் பற்றி மற்றவர் பிள்ளைகளின் முன் குறை பேசுவதில்லை. பிரிந்தாலும் ஒவ்வொருவரையும் தன் அருளால் தேவையற்றவராக்குவதாக அல்லாஹ் அந்நிஸா 130இல் வாக்களித்திருக்கிறான். அந்த வாக்கை நம்புகிறவருக்கு, எதிரில் நிற்பவரை வீழ்த்தித்தான் வாழ வேண்டும் என்ற கட்டாயம் இல்லை.

பிரிவு தவிர்க்க முடியாத இல்லங்களில், உரிமை குறையாமலும் கண்ணியம் குலையாமலும் பிரியும் தெளிவை வல்ல அல்லாஹ் தந்தருள்வானாக. நடுவர்களாக அமர்வோருக்கு நீதியையும் பொறுமையையும் வழங்குவானாக. ஆமீன்.