மீதி எங்கே போனது?

ஏழாம் வகுப்பு மாணவன் ஒருவனை எழுப்பி, "ஆற்றல் அழிவின்மை விதியைச் சொல்" என்றால் மூச்சு விடாமல் சொல்லிவிடுவான். ஆற்றலை ஆக்கவும் முடியாது, அழிக்கவும் முடியாது; ஒரு வகையிலிருந்து இன்னொரு வகைக்கு மாற்றத்தான் முடியும். "பொருத்துக" கேட்டாலும் பயமில்லை. மின்விளக்கு என்றால் மின் ஆற்றல் ஒளி ஆற்றலாகிறது. ஒலிபெருக்கி என்றால் மின் ஆற்றல் ஒலி ஆற்றலாகிறது. மின்கலம் என்றால் வேதி ஆற்றல் மின் ஆற்றலாகிறது. ஐந்துக்கு ஐந்து!

அதே பள்ளியின் சுவரில் "மின்சாரத்தைச் சேமிப்போம்" என்றும் எழுதியிருக்கும். ஆற்றலைத்தான் அழிக்கவே முடியாதே, பிறகு அதை எதற்குச் சேமிக்க வேண்டும்? இப்படிக் கேட்கிற பிள்ளைதான் பாடத்தைக் கவனித்துப் படித்த பிள்ளை. அதற்குப் பதில் சொல்லாமல் "உட்கார்" என்று சொல்லிவிட்டால், விதியும் மனப்பாடம், சேமிப்பும் மனப்பாடம் என்று முடிந்துவிடும்.

சிக்கல் எங்கே இருக்கிறது? "மின்விளக்கு: மின் ஆற்றல் – ஒளி ஆற்றல்" என்ற அந்த ஒற்றை வரியிலேயே இருக்கிறது. முன்பு வீட்டுக்கு வீடு தொங்கிய குண்டு பல்பை எடுத்துக்கொள்ளலாம். அதற்குள் போன மின் ஆற்றலில் நூற்றுக்கு ஐந்து பங்கு அளவுதான் கண்ணுக்குத் தெரியும் ஒளியாக வந்தது. மற்றதெல்லாம் வெப்பம். எரிகிற பல்பைத் தொட்டுக் கையைச் சுட்டுக்கொண்டவர்கள் எல்லோரும் அதற்குச் சாட்சி. ஆனால் விடைத்தாளில் அந்த வெப்பத்துக்கு இடமே கிடையாது. நூறில் தொண்ணூற்றைந்தை விட்டுவிட்டு எழுதிய விடைக்கு முழு மதிப்பெண்! வணிகவியல் படிப்பவர்கள் இப்படி ஒரு பேரேட்டைக் கொண்டுபோய்க் கொடுத்தால் ஆசிரியர் முகத்திலேயே எறிவார்.

கல்பாக்கத்துக் கணக்கு

2019-ல் தனி மாவட்டமான செங்கல்பட்டின் பிள்ளைகளுக்கு இதைச் சொல்லித்தர வெளியூர் உதாரணம் எதுவும் வேண்டாம். மாமல்லபுரத்துக்குத் தெற்கே கல்பாக்கம் இருக்கிறது. சென்னை அணுமின் நிலையத்தின் முதல் உலை 1983-லும் இரண்டாவது உலை 1985-லும் முதன்முதலாக இயக்கப்பட்டன. ஒவ்வொன்றின் மின்திறன் 220 மெகாவாட்.

"அணுமின் நிலையத்தில் நிகழும் ஆற்றல் மாற்றம் யாது?" என்று கேட்டால் "அணுக்கரு ஆற்றல் மின் ஆற்றலாகிறது" என்று எழுதுவார்கள். உண்மையில் நடப்பது என்ன? யுரேனியத்தின் அணுக்கரு பிளக்கிறது, வெப்பம் பிறக்கிறது. அந்த வெப்பம் தண்ணீரை நீராவியாக்குகிறது. நீராவி சுழலியைச் சுற்றுகிறது. சுழலி மின்னாக்கியைச் சுற்றுகிறது. இத்தனை படி தாண்டி வரும்போது, உலையில் பிறந்த வெப்பத்தில் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவாகத்தான் மின்சாரமாகிறது. மீதி? வேலை முடிந்த நீராவியைக் குளிர்விக்கக் கடல் நீர் கொண்டுவரப்படுகிறது. அந்த நீர் வெப்பத்தை வாங்கிக்கொண்டு மறுபடியும் வங்காள விரிகுடாவுக்கே போகிறது. ஓர் உலை முழுத்திறனில் ஓடினால் 220 மெகாவாட் கம்பியில் போகும். அதைப்போல் இரண்டு மடங்குக்கு மேல் கடலுக்குப் போகும். இது அங்கே வேலை செய்பவர்களின் குறை ஒன்றும் இல்லை. வெப்பத்திலிருந்து மின்சாரம் எடுக்கும் எந்த நிலையமும் ஒரு பங்கை வெளியே விட்டே ஆகவேண்டும். அனல்மின் நிலையத்துக்கும் இதே கதைதான்.

இருப்பு வேறு, பரிமாற்றம் வேறு

வகைகளைப் பட்டியல் போடுவதில் இன்னொரு குழப்பமும் உண்டு. நிலை ஆற்றல், வேதி ஆற்றல், மின் ஆற்றல், ஒலி ஆற்றல் எல்லாவற்றையும் ஒரே வரிசையில் நிறுத்திவிடுகிறோம். ஆனால் மேட்டில் இருக்கும் கல்லிலும், அடுப்பில் எரியப்போகும் விறகிலும் ஆற்றல் தங்கியிருக்கிறது. கம்பியில் ஓடும் மின்சாரமும், காற்றில் வரும் ஒலியும் ஆற்றலை ஓரிடத்திலிருந்து இன்னோர் இடத்துக்குக் கொண்டு சேர்க்கின்றன. முன்னது வங்கிக் கணக்கில் உள்ள இருப்பு, பின்னது மணியார்டர். இங்கிலாந்துப் பள்ளிகளில் சில ஆண்டுகளாகவே பழைய வகைப் பட்டியலை விட்டுவிட்டு, ஆற்றல் எங்கே இருப்பாக இருக்கிறது, எந்த வழியாக மாறுகிறது என்று பிரித்துச் சொல்லித்தருகிறார்கள். நம் பாடநூலை மாற்றாமலே ஓர் ஆசிரியர் இந்த வித்தியாசத்தைக் கரும்பலகையில் இரண்டு பத்தியாகப் போட்டுக் காட்டிவிடலாம்.

வெண்ணெய் உருண்டை எத்தனை யூனிட்?

நிலை ஆற்றலுக்கு மாமல்லபுரத்தைவிடச் சிறந்த வகுப்பறை கிடைக்காது. சரிவான பாறையின் மேல் இப்போது உருளுமோ, அப்புறம் உருளுமோ என்று நிற்கும் கிருஷ்ணரின் வெண்ணெய் உருண்டையின் எடை சுமார் 250 டன். 1908-ல் ஆளுநர் ஆர்தர் லாலி ஏழு யானைகளைக் கட்டி இழுத்தும் அது அசையவில்லை என்று சொல்வார்கள்.

அது பத்து மீட்டர் கீழே இறங்குகிறது என்று வைத்துக்கொண்டு கணக்குப் போடலாம். 2,50,000 கிலோகிராம் பெருக்கல் 10 பெருக்கல் 10. இரண்டரைக் கோடி ஜூல்! அடேயப்பா என்று தோன்றும். ஆனால் வீட்டு மின் மீட்டரின் ஒரு யூனிட் என்பது 36 லட்சம் ஜூல். வகுத்துப் பார்த்தால் ஏழு யூனிட்டுகூட முழுதாக வராது. அத்தனை பெரிய பாறையின் ஆற்றல், ஒரு வீட்டில் ஒரு நாள் ஏ.சி. ஓடினால் தீர்ந்துவிடும். சுவிட்சைப் போடும்போது விரலுக்குப் பின்னால் எவ்வளவு பெரிய பாறை உருள்கிறது என்று அந்தப் பிள்ளைக்கு அன்றைக்குப் புரியும்.

செங்கல்பட்டுக்கு வரும் மின்சார ரயிலும் அப்படித்தான். 400 டன் எடையுள்ள ரயில் மணிக்கு 72 கிலோமீட்டர் வேகத்தில் வருகிறது என்று வைத்துக்கொண்டால், அதன் இயக்க ஆற்றல் சுமார் 22 யூனிட். மூன்று வெண்ணெய் உருண்டைகள்! பரனூரில் ரயில் நிற்கிறது. அந்த ஆற்றல் எங்கே போனது? சாதாரண பிரேக் என்றால் உராய்வில் வெப்பமாகிக் காற்றில் கலந்தது. புதிய வகை ரயில்களில் நிறுத்தும்போது மோட்டாரே மின்னாக்கியாக மாறி, ஒரு பகுதியை மேலே உள்ள கம்பிக்கே திருப்பித் தருகிறது. செலவான பணத்தில் கொஞ்சம் திரும்ப வரவு வைப்பது போல!

ஏன் சேமிக்க வேண்டும்?

இப்போது சுவர் வாசகத்துக்கு வரலாம். ஒரு லட்சம் ரூபாய் கையில் இருந்தால் ஒரு தொழில் தொடங்கலாம். அதையே ஒரு ரூபாய் நாணயங்களாக்கி ஒரு லட்சம் பேரிடம் கொடுத்துவிட்டால்? பணம் அழியவில்லை. எண்ணினால் கணக்குச் சரியாகவே இருக்கும். ஆனால் அதை வைத்து யாரும் எதையும் தொடங்க முடியாது. ஆற்றல் கடைசியில் வெப்பமாகப் பரவும்போது நடப்பதும் இதுதான்.

மாமல்லபுரத்துக்கு வடக்கே நெம்மேலியில் 2013 முதல் கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையம் இருக்கிறது. கடல்நீரை மிகுந்த அழுத்தத்தில் சவ்வுகளின் வழியே தள்ளுவதுதான் அங்கே வேலை. இந்த முறையில் ஆயிரம் லிட்டர் குடிநீருக்குப் பொதுவாக மூன்று, நான்கு யூனிட் மின்சாரம் தேவை. அதாவது ஒரு வெண்ணெய் உருண்டைக்கு இரண்டாயிரம் லிட்டர். கல்பாக்கத்தில் கடலில் கலந்த வெப்பம் இதைவிட எத்தனையோ மடங்கு பெரியது. ஆனாலும் சில டிகிரி கூடுதலாகச் சூடான கடல் நீரைக் கொண்டு நெம்மேலியின் பம்பை ஓட்ட முடியாது. ஆற்றல் இருக்கிறது, பயன்படும் நிலையில் இல்லை. சேமிக்கச் சொல்வது அந்தப் பயன்படும் நிலையைத்தான்.

வகுப்பில் என்ன செய்யலாம்?

இதற்கு ஆய்வகம் வேண்டியதில்லை. ஒரு ரப்பர் பந்தை ஒரு மீட்டர் உயரத்திலிருந்து போடச் சொல்லலாம். அது ஒரு மீட்டருக்குத் திரும்ப வராது. எவ்வளவு வந்தது என்று அளவுகோலால் அளந்து, மீதி எங்கே என்று கேட்கலாம். "டொக்" என்ற சத்தத்தில் கொஞ்சம் என்பார்கள். சரிதான், ஆனால் அது மிகக் கொஞ்சம். தரையும் பந்தும் லேசாகச் சூடானதைக் கண்டுபிடிக்க வைப்பதுதான் பாடம்.

கடற்கரை மணலைப் பாதி பாட்டிலில் நிரப்பி, வெப்பநிலையைக் குறித்துக்கொண்டு, துணியைச் சுற்றிப் பிடித்து, மாணவர்கள் மாறி மாறிச் சில நிமிடம் வேகமாகக் குலுக்கட்டும். மறுபடியும் அளந்தால் வெப்பநிலைமானி சற்றே ஏறியிருக்கும். 1840-களில் இங்கிலாந்தில் ஜூல் செய்ததும் ஏறக்குறைய இதுதான். இறங்கும் எடைகளைக் கொண்டு நீருக்குள் துடுப்புகளைச் சுற்றவிட்டு, நீர் எவ்வளவு சூடாகிறது என்று அளந்தார். மது வடிக்கும் தொழில் செய்த குடும்பத்துப் பிள்ளை அவர். காணாமல் போனது போலத் தெரிந்த ஆற்றலை வெப்பம் என்ற பத்தியில் கண்டுபிடித்து, இருப்பாய்வைச் சரிக்கட்டிக் காட்டினார். அவர் பெயரில்தான் இன்றைக்கும் ஆற்றலை அளக்கிறோம்.

தேர்விலும் ஒரு சின்ன மாற்றம் போதும். "மின்விசிறி: மின் ஆற்றல் – இயக்க ஆற்றல்" என்ற வரிக்குப் பக்கத்தில் "மீதி" என்று இன்னொரு கட்டம். அதில் "மோட்டார் சூடாகிறது, கொஞ்சம் சத்தம் வருகிறது" என்று சொந்த வார்த்தையில் எழுதும் பிள்ளைக்கு ஒரு மதிப்பெண் கூடுதலாகக் கொடுக்கலாம். அந்தப் பிள்ளை ஆளில்லாத அறையில் ஓடும் விசிறியை நிறுத்தும்போது, சுவரில் எழுதியதற்காக நிறுத்தாது. கணக்குத் தெரிந்து நிறுத்தும்.