உங்களுக்கு எந்த ‘டவுட்’?

‘டவுட்’ இப்போது பாதி தமிழ்ச் சொல் ஆகிவிட்டது. வகுப்பில் கை தூக்கினாலும் டவுட், பால்காரர் கணக்கு உதைத்தாலும் டவுட். நமக்குள் பேசிக்கொள்ளும்வரை தொல்லை இல்லை.

என் தங்கை மகள் நர்ஸ். இங்கிலாந்து வேலைக்காக ஓ.இ.டி. தேர்வுக்குப் படிக்கிறாள். மருத்துவத் துறையினருக்கான ஆங்கிலத் தேர்வு அது. எழுத்துப் பகுதிக்கு 45 நிமிடம். நோயாளியைப் பற்றிய குறிப்புகளைப் படித்துவிட்டு, பெரும்பாலும் இன்னொரு மருத்துவருக்கோ நர்ஸுக்கோ கடிதம் எழுத வேண்டும். “பெரியம்மா, கொஞ்சம் பார்த்துச் சொல்லுங்க” என்று போன வாரம் ஒரு பயிற்சிக் கடிதத்தை வாட்ஸ்அப்பில் அனுப்பினாள். அதில் ஒரு வரி: ‘ஐ டவுட் நிமோனியா.’

நிமோனியாவாக இருக்கலாம் என்று சந்தேகப்படுகிறாளாம். ஆனால், படிக்கிற ஆங்கிலேய டாக்டருக்கு அது நேர் எதிராகப் போய்ச் சேரும்: ‘நிமோனியாவாக இருக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை.’ இருக்கும் என்று தோன்றினால் ‘சஸ்பெக்ட்’. இருக்காது என்று தோன்றினால்தான் ‘டவுட்’. நோயாளியை உடனே கவனிப்பதா, காலையில் பார்த்துக்கொள்வதா என்பதே அந்த ஒரு சொல்லில் மாறிப்போகலாம்.

அவள் லேசில் ஒத்துக்கொள்ளவில்லை. “இங்கே வார்டுல எல்லாரும் அப்படித்தானே சொல்றாங்க?”

சொல்கிறார்கள்தான். நம் ‘சந்தேகம்’ இரண்டு பக்கமும் சாயும். ‘அவன் வருவானான்னு சந்தேகம்’ என்றால், வரமாட்டான் என்று நினைக்கிறோம். ‘அவன்தான் எடுத்திருப்பான்னு சந்தேகம்’ என்றால், அவன்தான் என்று நினைக்கிறோம். ‘வருவானா’வில் இருக்கும் அந்த ‘ஆ’ நமக்கு வேலையை முடித்துக் கொடுத்துவிடுகிறது. ஆங்கிலத்தில் மொத்தச் சுமையும் சொல்லின் தலையில்.

கேள்வி கேட்கவும் ‘டவுட்’ வேண்டாம், ‘கொஸ்டியன்’ போதும் என்றேன். புது ஊரில் மேலதிகாரியிடம் ‘ஐ ஹேவ் எ டவுட்’ என்றால், தான் சொன்னதையே நம்பவில்லை போல என்று அவர் முகம் சுளிக்கக்கூடும்.

ஒரு வேடிக்கை. ஸ்காட்லாந்துப் பேச்சு வழக்கில் ‘ஐ டவுட் இட் வில் ரெயின்’ என்றால், மழை வரும்போல இருக்கிறது என்று அர்த்தம். அப்படியே நம் ஊர் டவுட்! இதைச் சொல்லியிருக்கவே கூடாது. “அப்போ நான் கிளாஸ்கோவுக்கே அப்ளை பண்றேன் பெரியம்மா” என்கிறாள்.

தேர்வு அடுத்த மாதம். தாள் திருத்துபவர் ஸ்காட்லாந்துக்காரராகவா இருக்கப்போகிறார்?