அறுபத்தொன்றாம் தெருவுக்குத் தெற்கே

சிகாகோ நகர மையத்திலிருந்து தெற்கே போகும் மெட்ரா ரயில் உயரமான கரைமேல் ஓடுகிறது. ஹைட் பார்க்கில் இறங்கி, படிக்கட்டு வழியாகக் கீழே வந்தால் 53ஆம் தெரு. அக்டோபர் காலை பத்து மணி. வெயில் இருந்தும் ஏரிப் பக்கமிருந்து வந்த காற்று காதைக் கடித்தது.

இங்கே உள்ள சிகாகோ பல்கலைக்கழகத்தில் பிள்ளைகளைச் சேர்க்கும் பெற்றோர் முதலில் விசாரிப்பது கட்டணத்தை. அடுத்து, அந்த ஏரியா பாதுகாப்பானதா என்று. என் அண்ணன் மகள் அங்கே முதுகலை படிக்கிறாள். "எங்கே வேணும்னாலும் சுத்துங்க சித்தப்பா. 61ஆம் தெருவுக்குத் தெற்கே மட்டும் போகாதீங்க" என்றாள். நீ போயிருக்கிறாயா என்று கேட்டேன். போனதில்லையாம். சேர்ந்த புதிதில் சீனியர்கள் சொன்னது, அப்படியே மனதில் நின்றுவிட்டது. அன்று அவளுக்கு வகுப்பு இருந்ததால் தனியாகவே கிளம்பினேன்.

தெற்கே போகப் போகத் தெரு எண் ஏறும். எட்டுத் தெரு ஒரு மைல். 53லிருந்து 63 வரை ஒன்றேகால் மைல், அதாவது இரண்டு கிலோமீட்டர். நிற்காமல் நடந்தால் அரை மணி நேரம்.

53ஆம் தெருவில் வாலுவா என்ற பழைய சாப்பாட்டுக் கடை இருக்கிறது. தட்டை எடுத்துக்கொண்டு வரிசையில் நகர வேண்டும். கண்ணெதிரே முட்டை பொரித்துத் தருகிறார்கள். ஒபாமா இந்தப் பகுதியில் குடியிருந்தபோது இங்கே வந்து சாப்பிட்டவர். முட்டை, உருளைக்கிழங்கு, ரொட்டி, காப்பி எல்லாம் சேர்த்துப் பத்து டாலரைக் கொஞ்சம் தாண்டியது. பக்கத்து மேசையில் நான்கு கறுப்பினப் பெரியவர்கள் காப்பியை ஆறவிட்டுப் பேசிக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்குப் பின்னால் மடிக்கணினியோடு இரண்டு சீன மாணவர்கள். கடையை விட்டுக் கொஞ்சம் நடந்தால், பல்கலைக்கழகம் முன்னின்று எழுப்பிய ஹார்ப்பர் கோர்ட் கண்ணாடிக் கட்டடமும் ஹோட்டலும். முக்கில் மஞ்சள் ஜாக்கெட் போட்ட காவலாளி ஒருவர் கையைத் தேய்த்தபடி நின்றிருந்தார். அடுத்த முக்கிலும் ஒருவர்.

55ஆம் தெருவுக்கு வந்ததும் நின்றுவிட்டேன். சாலைக்கு நட்டநடுவே பத்து மாடி உயரத்தில் இரண்டு நீளமான குடியிருப்புகள். போக்குவரத்து இரண்டாகப் பிரிந்து அவற்றைச் சுற்றிக்கொண்டு போகிறது. 1961 வாக்கில் கட்டியவை, வடிவமைத்தவர்களில் ஐ. எம். பெய் ஒருவர். அதற்கு முன் இந்தத் தெருவில் மதுக்கடைகள், ஜாஸ் இசைக்கூடங்கள், சின்னச் சின்னக் கடைகள் நெருக்கியடித்து நின்றன. 1950இல் ஹைட் பார்க்கில் கறுப்பின மக்கள் மிகச் சொற்பம். பத்தே ஆண்டில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேலே ஆனார்கள். 1952இல் குற்றங்களைக் காட்டி ஓர் அமைப்பு தொடங்கியது. பல்கலைக்கழகம் அதற்கு முதுகெலும்பாக நின்றது. 1958இல் நகரப் புதுப்பிப்புத் திட்டம் ஒப்புதல் பெற்றது. ஏக்கர் ஏக்கராக இடித்தார்கள். வாடகை கொடுக்க முடிந்தவர்கள் தங்கினார்கள், முடியாதவர்கள் வெளியேறினார்கள். இன்று அந்தத் தெருவில் அரை மைல் நடந்தேன். சுத்தமாக இருக்கிறது. ஆனால் உட்கார்ந்து பேச ஒரு திண்ணை கிடையாது, எட்டிப் பார்க்கும் ஜன்னல் கிடையாது. பகலிலேயே இப்படியென்றால், ராத்திரி பதினொரு மணிக்கு இங்கே நடக்கும் ஒரு பெண்ணுக்கு யார் துணை என்று யோசனை வந்தது.

உட்லான் சாலையில் தெற்கே திரும்பினால் வளாகம். சாம்பல் நிறச் சுண்ணாம்புக்கல் கோபுரங்கள், சுவரெல்லாம் படர்ந்த கொடிகள். வானியற்பியலாளர் சந்திரசேகரும், குறுந்தொகைப் பாடல்களை ஆங்கிலத்துக்குக் கொண்டுபோன ஏ. கே. ராமானுஜனும் இங்கேதான் பல ஆண்டுகள் பாடம் நடத்தினார்கள். நடைபாதை ஓரத்தில் ஆள் உயரத்துக்கு மேலே ஒரு கம்பம். உச்சியில் நீல விளக்கு, இடுப்பு உயரத்தில் பட்டன். அழுத்தினால் பல்கலைக்கழகப் போலீஸோடு பேசலாம். ஒரு கம்பத்தடியில் நின்று பார்த்தால் அடுத்த விளக்கு கண்ணுக்குப் படுகிறது. இந்தப் போலீஸ் படை பல்கலைக்கழகத்துக்குச் சொந்தம், துப்பாக்கி வைத்திருக்கிறது, வளாகத்துக்கு வெளியேயும் 37ஆம் தெருவிலிருந்து 64ஆம் தெரு வரை ரோந்து போகிறது. அதாவது படிக்கவோ வேலை பார்க்கவோ அங்கே போகாத ஆயிரக்கணக்கான குடும்பங்களையும் அது நிறுத்தி விசாரிக்கலாம்.

59க்கும் 60க்கும் நடுவே மிட்வே என்ற அகலமான புல்வெளி. 1893 உலகக் கண்காட்சியின்போது உலகின் முதல் ஃபெரிஸ் ராட்டினம் சுழன்றது இங்கேதான். குறுக்கே இருநூறு மீட்டர் இருக்கும். தெருவைவிடப் புல் தாழ்ந்து கிடப்பதால், நடுவில் நிற்கும்போது இரண்டு பக்கமும் தூரமாகத் தெரிகிறது. கடக்கும் பாதையில் உயரமான விளக்குகளை வரிசையாக நட்டிருக்கிறார்கள்.

அந்தப் பக்கம் சட்டக் கல்லூரி. அதையும் தாண்டினால், 2020இல் திறந்த மாணவர் விடுதி. ஆயிரத்து இருநூறு பேருக்கு மேல் தங்கலாம். அதன் தெற்குச் சுவரை ஒட்டி ஓடுவதுதான் 61ஆம் தெரு. பல்கலைக்கழகம் 1960களில் தெற்கே பரவப் பார்த்தபோது, ஆர்தர் பிரேசியர் என்ற பாதிரியார் தலைமையில் அங்கே இருந்த உட்லான் பகுதி மக்கள் ஒன்றுதிரண்டு தடுத்தார்கள். 61ஐத் தாண்டமாட்டோம் என்று பல்கலைக்கழகம் ஒப்புக்கொண்டது. பிள்ளைகள் இன்று ஆபத்தின் எல்லையாக நினைக்கும் கோடு, அந்த ஊர்க்காரர்கள் தங்கள் வீடுகளைக் காப்பாற்றிக்கொள்ளப் போட்ட கோடு.

பயத்துக்குக் காரணமே இல்லை என்று நான் சொல்லவில்லை. 2007இல் ஓர் ஆய்வு மாணவர் சுட்டுக் கொல்லப்பட்டார். இடம் 61ஐ ஒட்டித் தெற்கே. 2021இல் மட்டும் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மூன்று இளைஞர்கள் துப்பாக்கிக்குப் பலியானார்கள். ஒருவர் கார் நிறுத்துமிடத்தில், ஒருவர் ரயிலில் உட்கார்ந்திருந்தபோது, ஒருவர் பட்டப்பகலில் நடைபாதையில். அந்த மூன்று இடங்களையும் வரைபடத்தில் குறித்துப் பார்த்தேன். மூன்றுமே 55ஆம் தெருவுக்கு வடக்கே.

61ஐக் கடந்தேன். முதலில் கண்ணில் பட்டது பூசணிக்காய். மூன்றடுக்குக் கல்வீடுகளின் வாசற்படிகளில் ஹாலோவீனுக்காக வரிசையாக வைத்திருந்தார்கள். ஒரு தாத்தா இலைகளைக் கூட்டிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் துடைப்பத்தை நிறுத்தி வணக்கம் சொன்னார். ஹைட் பார்க்கில் அதுவரை யாரும் என்னிடம் வாய் திறக்கவில்லை. நாலு வீடு தள்ளி ஒரு காலிமனை. அப்புறம் இரண்டு வீடு. அப்புறம் மூன்று மனை சேர்ந்தாற்போல் காலி, வரிசையில் பற்கள் விழுந்த வாய் மாதிரி. புல்லை வெட்டி வைத்திருக்கிறார்கள், குப்பை இல்லை.

முக்கில் மின்கம்பத்தைப் பார்த்தேன். இங்கேயும் நீல விளக்கு. ஆனால் விட்டுவிட்டு மின்னியது. கீழே பட்டன் எதுவும் இல்லை. நகரப் போலீஸின் கண்காணிப்புக் கேமரா அது. அரை மைலுக்கு வடக்கே நீல விளக்கின் கீழே நின்று உதவி கேட்கலாம். இங்கே நீல விளக்கு மேலிருந்து நம்மைப் பார்க்கிறது.

1960 கணக்கெடுப்பில் உட்லானில் எண்பதாயிரத்துக்கு மேல் மக்கள். 2020இல் சுமார் இருபத்துநாலாயிரம். வெள்ளையர்கள் 1950களிலேயே போய்விட்டார்கள். வீட்டுக்காரர்கள் ஒரு வீட்டை நாலாகத் தடுத்து வாடகையைக் கறந்து, பழுது பார்க்காமல் விட்டார்கள். 60களின் கடைசியிலும் 70களிலும் கட்டடம் கட்டடமாக எரிந்தது. 63ஆம் தெருவின் தலைக்கு மேலே ஓடிய ரயில்பாதையின் கிழக்குப் பகுதியையும் 1997இல் இடித்தார்கள். இப்போது அந்தத் தெரு அகலமாக, வெயிலாக, வெறுமையாக இருக்கிறது. காட்டேஜ் குரோவ் வரை அரை மைல் மேற்கே நடந்தபோது ஓரிடத்தில் மட்டும்தான் நடை வேகமானது. இரு பக்கமும் காலிமனை. எதிரே ஒரு ஜீவனும் இல்லை. ஆள் இருந்த இடத்தில் எனக்குப் பயம் வரவில்லை.

நடுவே புத்தம் புதுசாக மூன்று வீடுகள். கறுப்பு ஜன்னல் சட்டம், மாடியில் தளம். வாசலில் செருகியிருந்த விற்பனைத் தாளில் ஐந்து லட்சம் டாலருக்கு மேலே விலை. கிழக்கே ஜாக்சன் பூங்காவில், 225 அடிக் கோபுரத்தோடு ஒபாமா மையத்தைக் கட்ட ஆரம்பித்ததிலிருந்து மனை விலை ஏறுகிறது.

காட்டேஜ் குரோவில் ரயில் நிலையத்துப் படிக்கட்டுக்குப் பக்கத்தில் டேலிஸ் உணவகம், 1892இலிருந்து நடக்கிறது. இரண்டு தெரு வடக்கே 2019இல் திறந்த பெரிய மளிகைக்கடை. அதற்கு முன் நாற்பது ஆண்டுகளுக்கு மேல் இந்தப் பகுதியில் காய்கறி வாங்க ஒரு முழுமையான கடை இருந்ததில்லை என்பதை நம்பவே கஷ்டமாக இருந்தது. உள்ளே நீல நிற மருத்துவமனை உடுப்போடு நர்ஸுகள், பள்ளிப் பிள்ளைகள், பல்கலைக்கழகச் சட்டை போட்ட மாணவர்கள். எல்லோரும் ஒரே பில் வரிசையில்.

இதே 61–காட்டேஜ் குரோவ் பக்கத்தில்தான் 2010இல் பதினெட்டு வயதுப் பையன் ஒருவன் குண்டடிபட்டு விழுந்தான். பல்கலைக்கழக மருத்துவமனை நடந்து போகும் தூரம். ஆனால் பெரியவர்களுக்கான விபத்துக்காயப் பிரிவை அது 1988லேயே மூடிவிட்டிருந்தது. ஆம்புலன்ஸ் அவனை ஏறக்குறைய பத்து மைல் தள்ளி நகர மையத்துக்குக் கொண்டுபோனது; பிழைக்கவில்லை. அவனுடைய நண்பர்கள் வருடக்கணக்கில் போராடினார்கள். 2018 மே மாதம் அந்தப் பிரிவு திரும்பத் திறந்தது. இந்த வட்டாரத்தில் பாதுகாப்பு என்று பேசும்போது நீல விளக்குகளைவிட இதைத்தான் முதலில் சொல்ல வேண்டும் என்பேன்.

மேற்கே சில தெரு தள்ளி ரோட்ஸ் சாலையில் 6140 எண் வீடு. செங்கல் கட்டடம், மூன்றடுக்கு. கறுப்பினத்தவருக்கு விற்கக்கூடாது என்ற ஒப்பந்தம் இருந்த வட்டாரத்தில் கார்ல் ஹான்ஸ்பெரி 1937இல் இதை வாங்கினார். வீட்டின் மேல் கல்லெறிந்தார்கள், வழக்குப் போட்டார்கள். 1940இல் உச்ச நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்பளித்தது. அவருடைய மகள் லொரெய்ன்தான் பின்னாளில் புகழ்பெற்ற நாடக ஆசிரியர். அந்த ஒப்பந்தங்களைக் காப்பாற்ற அன்று பல்கலைக்கழகமும் பணம் செலவழித்தது.

அடுத்த தெருவில் ஒரு மூதாட்டி படியில் உட்கார்ந்திருந்தார். பிறந்து வளர்ந்தது உட்லானில்தானாம். ராத்திரி வெளியே வரப் பயமாக இல்லையா என்று கேட்டேன். உள்ளே போய் ரப்பர் பேண்ட் போட்ட தபால் அட்டைக் கட்டைக் கொண்டுவந்து மடியில் வைத்தார். ஒவ்வொன்றிலும், உங்கள் வீட்டை ரொக்கம் கொடுத்து வாங்குகிறோம் என்ற ஒரே செய்தி. "இதுக்குத்தான் பயம். இதோட வீட்டு வரி நோட்டீஸ் வேற" என்றார்.

2020இல் நகராட்சி போட்ட சட்டம், உட்லானில் நகரத்துக்குச் சொந்தமான 52 மனைகளைக் குறைந்த விலை வீடுகளுக்கு ஒதுக்கியிருக்கிறது. அவர் வீட்டுக்கு எதிரே இரண்டு மனை காலியாகக் கிடந்தது. யார் குடியிருந்த இடம் என்று கேட்டேன்.

"இடதுபக்கத்து வீட்டிலே என் தங்கச்சி வாடகைக்கு இருந்தா. இப்போ இண்டியானாவிலே இருக்கா. அங்கே வீடு கட்டி நியாயமான வாடகைக்கு விட்டா, மறுநாளே வந்துடுவேன்னு சொல்லியிருக்கா."