கைவிட்ட வித்தைகள்

காகிதம், பென்சில், பகடை இவற்றோடு நான்கைந்து பேர் ஒரு மேசையைச் சுற்றி அமர்ந்து, பேச்சாலேயே ஒரு கதையை நடத்திச் செல்லும் விளையாட்டு 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்'. கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னஸன் என்ற இரு அமெரிக்கர்கள் உருவாக்கி 1974இல் வெளிவந்தது. அதன் விதிநூல்களை நாவல்களைப்போல வாசிப்பவன் நான். ஆடியதைவிட வாசித்ததே அதிகம். அவற்றில் என்னை நெடுநாள் யோசிக்கவைத்தவை வாள்வீரர்களைப் பற்றிய பக்கங்கள் அல்ல. ஒரே வித்தையைத் தேர்ந்துகொண்டு அதில் ஆழ்ந்துபோகும் மந்திரவாதிகளைப் பற்றியவை.

தொடக்கத்தில் மந்திரவாதி என்று ஒரே வகைதான் இருந்தது. மனனம் செய்த மந்திரம் ஒருமுறை பிரயோகித்ததும் அவன் நினைவிலிருந்து அழிந்துவிடும். ஜாக் வான்ஸின் 'தி டையிங் எர்த்' (1950) நூலிலிருந்து பெற்ற கற்பனை அது. 1975இல் 'தி ஸ்ட்ராடஜிக் ரிவ்யூ' இதழில் பீட்டர் ஆரன்ஸன் எழுதிய கட்டுரை வழியாக இல்யூஷனிஸ்ட் வந்து சேர்ந்தான். நம் வழக்கில் இந்திரஜாலக்காரன் எனலாம். 1978 விதிநூல் அவனுக்கென்று தனி மந்திரப் பட்டியலைத் தந்தது. பொது மந்திரவாதியின் மந்திரங்களுக்கு ஒன்பது படிநிலைகள்; இவனுடையவற்றுக்கு ஏழுதான்.

1989இல் வந்த இரண்டாம் பதிப்பு மந்திரக்கலையை எட்டுப் பள்ளிகளாக வகுத்தது. ஒரு பள்ளியைத் தனக்கென வரித்துக்கொண்டவனுக்கு ஒவ்வொரு படிநிலையிலும் ஒரு மந்திரம் கூடுதலாகக் கிடைக்கும். அதற்கு விலை உண்டு: எதிர்ப்பள்ளிகளின் மந்திரங்களை அவன் ஒருபோதும் கற்க முடியாது. இறந்தவர்களை எழுப்பத் தெரிந்தவனுக்கு உயிரோடிருப்பவர்களின் மனத்தை மயக்கத் தெரியாது. மறைந்திருப்பதை அறிபவனால் எதையும் வரவழைக்க முடியாது. இந்திரஜாலக்காரனுக்கோ நெருப்பும் மின்னலும் இல்லை, காக்கும் கவச மந்திரங்களும் இல்லை. விதிநூல் என்ற வறண்ட வடிவத்துக்குள் இப்படியொரு அறநோக்கு ஒளிந்திருப்பது எனக்கு வியப்பாக இருந்தது.

சில ஆண்டுகள் சனிக்கிழமை இரவுகளில் நண்பர்களோடு ஆடியபோது என் பாத்திரம் இந்திரஜாலக்காரன்தான். ஓர் இரவு குகைப்பாதையில் மூன்று ராட்சதர்கள் எங்களைத் துரத்தினர். வேறு மந்திரவாதியாக இருந்தால் ஒரு தீப்பந்தில் முடித்திருப்பான். நான் கூரை இடிந்து விழுவதாக ஒரு தோற்றத்தை எழுப்பினேன். ஆட்டத்தை நடத்தியவர் பகடையை உருட்டினார். இரண்டு ராட்சதர்கள் நம்பி நின்றுவிட்டனர். மூன்றாமவன் நம்பவில்லை, இல்லாத பாறைகளினூடே நடந்து வந்து எங்கள் வீரனைக் கொன்றான். நண்பர் ஒருவர் எட்டு மாதம் ஆடி வளர்த்த பாத்திரம் அது. "உங்ககிட்ட ஒரு நெருப்புகூட இல்லையா?" என்று கேட்டார். "இல்லை" என்றேன். அவர் தன் தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

பின்வந்த பதிப்புகள் இந்த விலையைக் குறைத்துக்கொண்டே வந்தன. 2000இல் மூன்றாம் பதிப்பு எதைக் கைவிடுவது என்பதில் தேர்வுரிமை அளித்தது. 2014இல் ஐந்தாம் பதிப்பு தடையையே நீக்கியது. நிபுணனும் எல்லாவற்றையும் கற்கலாம். 2024 விதிநூலில் மந்திரவாதிக்கு எஞ்சியவை நான்கு சிறப்புத் துறைகள். அவற்றில் இந்திரஜாலமும் ஒன்று. மேசையில் எவரும் கைகட்டி உட்கார்ந்திருக்கக் கூடாது என்பது நியாயமான எண்ணம்தான். அந்த நண்பரின் முகத்தை நினைத்தால் மறுக்கத் தோன்றவில்லை.

ஆயினும் என் மனம் பழைய விதியிலேயே நிற்கிறது. ஒருவனை அவனுக்குத் தெரிந்தவற்றைக்கொண்டு அறிவதைப்போலவே, அவன் கற்காமல் விட்டவற்றைக்கொண்டும் அறிகிறோம். நான் பிழைப்புக்குப் பேசும் மொழி வேறு. எழுதும் மொழி தமிழ் ஒன்றே. அதை நானேதான் தேர்ந்தேன். அயலில் வளர்ந்த என் மகளால் நான் எழுதும் ஒரு வரியையும் வாசிக்க இயலாது. வருத்தம் உண்டு, மாற்றிக்கொள்ளும் எண்ணம் இல்லை. எழுதி முடித்தவற்றை அவளுக்கு வாய்மொழியாகச் சொல்கிறேன். பாதிவரை கேட்கிறாள்.