ஏட்டில் இல்லாத ஆங்கிலம்

ஆங்கில இலக்கியத்தைக் கசடறக் கற்ற நம்மவரும், இலண்டன் மாநகரின் கிழக்குப் பகுதியில் ஒரு நாள் உலாவினால், 'இதுவும் ஆங்கிலந்தானோ?' என மயங்குவர். அங்கு தொன்றுதொட்டு வழங்குவது 'கொக்னி' என்னும் பேச்சு. சீப்சைட் வீதியிலுள்ள சென் மேரி லெ போ தேவாலயத்தின் மணியோசை எட்டும் எல்லைக்குள் பிறந்தவனே உண்மையான கொக்னி என்பது பழைய வழக்கு. 1941ஆம் ஆண்டுக் குண்டுவீச்சில் அம்மணிகள் அழிந்தன; புதிய மணிகள் 1961ஆம் ஆண்டில் ஒலித்தன.

இப்பேச்சின் விந்தையை என்னென்பது! மாடிப்படியை 'ஸ்ரெயர்ஸ்' என்னாது, அதனோடு ஓசை இயையும் 'அப்பிள்ஸ் அன்ட் பெயர்ஸ்' என்பர். 'ஹெட்' எனப்படும் தலைக்கு 'லோவ் ஒவ் பிரெட்', அதாவது ஓர் இறாத்தல் பாண்! பின்னர், இயையும் சொல்லையே விட்டுவிட்டு, 'லோவ்' என்று மட்டும் கூறுவர். 'உன் பாணைப் பயன்படுத்து' என்றால், 'மூளையைப் பயன்படுத்து' என்பதே பொருள். திறவுகோலை ஒளித்து வைத்தபின், புதிதாய் வந்தவன் பூட்டைத் திறப்பது எங்ஙனம்? 1859ஆம் ஆண்டில் ஜோன் கம்டன் ஹொட்டன் வெளியிட்ட கொச்சைமொழி அகராதியிலேயே இத்தகைய சொற்கள் இடம்பெற்றுவிட்டன.

இது வெறும் வேடிக்கையன்று. அந்நாட்டு வைத்தியசாலைகளில் நம் நாட்டுத் தாதியரும் வைத்தியரும் பலர் பணிபுரிகின்றனர். நோயுற்ற மூதாட்டி ஒருத்தி, 'ஒரு பெனி செலவழிக்க வேண்டும்' என்றால், அவள் நாடுவது கடையன்று, மலசலகூடம். முன்னாளில் பொது மலசலகூடக் கதவைத் திறக்க ஒரு பெனி நாணயம் இடவேண்டியிருந்தது. இதனை அறியாத தாதி புன்னகையுடன் அகன்றால், அம்மூதாட்டி படும் அவதியை எண்ணிப் பாருங்கள்!

வட இங்கிலாந்திலோ 'ரீ'க்கு வருமாறு அழைத்தால், பெரும்பாலும் அது மாலை உணவையே குறிக்கும். வயிறார உண்டு செல்லாதீர்கள். 'ஓல் ரைற்?' என்று ஒருவர் வினவினால், அது வணக்கமே. உங்கள் தடிமனையும் காய்ச்சலையும் விரித்துரைத்தால் அவர் திகைப்பார்.

வெளிநாடு செல்லும் மாணாக்கர்க்கு ஒன்று கூறுவோம். இச்சொற்களைக் கேட்டறிவது கடமை. எடுத்தாள அவசரம் வேண்டா. பழகாத வாயில் கொச்சைமொழி பரிகாசமாய் ஒலிக்கும். பொருள் விளங்காவிடின் கேளுங்கள். தம் ஊர்ச் சொல்லை விளக்குவதில் மகிழாதார் எவர்?

மேலும், மொழி ஒருவழிப் பாதையன்று. 'ஒரு தெக்கோ பார்' என ஆங்கிலேயர் கூறும் சொல் இந்தியிலிருந்து சென்றது. நம் கட்டுமரமும் சுருட்டும் அவர்தம் அகராதியில் என்றோ குடியேறிவிட்டன. சொற்கள் சென்று வாழ்ந்த நாட்டில் மனிதரும் வாழலாம். செவியைத் திறந்து வைத்தல் வேண்டும், அவ்வளவே.