ஊர்க்குளிரும் உடற்குளிரும்

உடல் நலிவைப் பற்றி எழுதுவது இலக்கியமாகுமா என்று சிலர் வினவக்கூடும். அறத்தையும் அரசையும் பேசிய வள்ளுவரே ‘மருந்து’ என ஓர் அதிகாரம் வகுத்திருக்கிறார். ஆகவே, பெங்களூரில் நாற்பது ஆண்டுகளாய் வாழும் தமிழ்ப்பெண் ஒருத்தி, தன் கழுத்தைப் பற்றியும் குருதியழுத்தத்தைப் பற்றியும் சில சொற்கள் கூறுவதில் தவறில்லை என எண்ணுகிறேன்.

பிழைப்பை நாடி வந்த நம்மிடம் ஒரு வழக்கம் உண்டு. உடம்புக்கு எது வந்தாலும் குடியேறிய ஊரின்மேல் பழியைப் போட்டுவிடுவோம். தும்மினால் பெங்களூர்க் காற்று. முழங்கால் வலித்தால் பெங்களூர்க் குளிர். கடல்மட்டத்திற்கு ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்தில் இருக்கும் இந்நகரின் மார்கழி விடியல், அப்பழிக்கு இடம் கொடுக்கவும் செய்கிறது.

எனக்கு ஓயாத சோர்வும், தோலில் வறட்சியும், எந்நேரமும் குளிரும் தோன்றியபோது, வீட்டில் எவரும் வியக்கவில்லை. “அக்கா, அந்த ஊர்க் குளிர் உங்களுக்கு ஒத்துக்கொள்ளவில்லை, நம் ஊருக்கே வந்துவிடுங்கள்” என்றான் தூத்துக்குடியில் இருக்கும் தம்பி. அவ்வாண்டு சித்திரையில் அங்கே சென்றேன். வீடு முழுவதும் வியர்வையில் நனைந்திருக்க, நான் மட்டும் மின்விசிறியை நிறுத்தச் சொல்லிப் போர்வையைத் தேடினேன். குளிர் ஊரில் இல்லை என்பது அன்று எல்லோருக்கும் விளங்கிற்று.

பெங்களூர் திரும்பியதும் கன்னடம் பேசும் பெண் மருத்துவர் ஒருவரைக் கண்டேன். அவர் என் கழுத்தில் விரல்களை வைத்துக்கொண்டு தண்ணீரை விழுங்கச் சொன்னார். விழுங்கும்போது தைராய்டுச் சுரப்பி மேலெழும். அதிலுள்ள முடிச்சும் உடன் எழும். குருதிச் சோதனையில் சுரப்புக் குறைவு தெரிந்தது. ஸ்கேனில் இரண்டு முடிச்சுகள் தெரிந்தன. பெரியதில் மெல்லிய ஊசியைச் செலுத்திச் சிறிது அணுக்களை எடுத்தார்கள். முடிவு வர ஒரு வாரம். அந்த ஏழு இரவுகளில் நான் மணமாகாத என் இளைய மகளைப் பற்றியே எண்ணிக் கிடந்தேன். “பயபடபேடி அம்மா” என்று அந்த மருத்துவர் கூறிய கன்னடச் சொல்லே எனக்குத் துணையாயிருந்தது. முடிச்சு தீங்கற்றது என்று தெரிந்தது. இத்தகைய முடிச்சுகளில் மிகப் பெரும்பாலானவை அவ்வாறே இருக்கும் என்பதைப் பின்னர் அறிந்தேன். ஆயினும் சோதித்தே தெளிய வேண்டும்.

உறவினர் அறிவுரைகள் இரு திசையில் இழுத்தன. தைராய்டுக்காக அயோடின் உப்பை மிகுதியாய்ச் சேர்க்கச் சொன்னார் ஒருவர். குருதியழுத்தத்திற்காக உப்பையே விடச் சொன்னார் மற்றொருவர். இமயச் சாரலின் காங்ரா பள்ளத்தாக்கில் 1956-இல் வி. இராமலிங்கசுவாமி முதலியோர் தொடங்கிய ஆய்வு, அயோடின் கலந்த உப்பினால் கழுத்துக் கழலை குறைவதை நிறுவியது உண்மையே. என் குறையோ வேறு வகையினது. உடலின் காப்பாற்றலே சுரப்பியைத் தாக்கும் நோய் இது. 1912-இல் ஹாஷிமோட்டோ என்னும் ஜப்பானிய மருத்துவர் விவரித்தது. உப்பைக் கூட்டி இதை மாற்ற இயலாது. எனவே அயோடின் உப்பையே, நாளொன்றுக்கு 5 கிராமுக்குள் அடக்கிக்கொண்டேன்.

தைராக்சின் மாத்திரையை வெறும் வயிற்றில் தண்ணீருடன் விழுங்கி, அரை மணி முதல் ஒரு மணி நேரம் வரை காத்திருக்க வேண்டும். விடிந்ததும் வடிகட்டிய காப்பியின் மணத்தில் கண் விழிக்கும் குடும்பத்தில் இது சிறிய தவமன்று! அளவை மாற்றினால் அதன் பயனைக் காண ஆறு முதல் எட்டு வாரங்கள் ஆகும்.

குருதியழுத்தமோ நாளுக்கொரு முகம் காட்டிற்று. காலையில் 150, மாலையில் 120. தைராக்சின் குறைந்தால் குருதிக்குழாய்கள் இறுகிக் கீழ் எண் ஏறக்கூடும். மருந்து மிகுந்தாலோ நெஞ்சு படபடத்து மேல் எண் ஏறக்கூடும். ஒவ்வோர் எண்ணுக்கும் அஞ்சி நாளெல்லாம் கருவியைக் கையில் கட்டியிருந்த என்னிடம், மருத்துவர் ஒரு குறிப்பேடு வைக்கச் சொன்னார். ஐந்து நிமிடம் பேசாமல் அமர்ந்து, கையை நெஞ்சின் மட்டத்தில் வைத்து, காலையும் மாலையும் அளந்து எழுத வேண்டும். தனித்த ஓர் எண்ணைவிடப் பல நாள் எண்களின் போக்கே அவருக்கு வேண்டியிருந்தது.

மிகுதியும் குறைவும் நோய்க்குக் காரணம் என்னும் வள்ளுவரின் கருத்தை இளமையில் தேர்வுக்காகப் படித்தேன். இப்போது அதன்படி வாழ்கிறேன். இந்நோய் அகன்றுவிடவில்லை. ஆண்டுதோறும் ஸ்கேன் உண்டு. நாள்தோறும் மாத்திரை உண்டு. ஆனால் அல்சூர் ஏரிக்கரையில் மீண்டும் நடக்கிறேன்; தமிழ்ச் சங்க நூலகத்தின் படிகளில் மூச்சுத் திணறாமல் ஏறுகிறேன்.

நோயாளி, மருத்துவர், மருந்து, உடனிருப்பவர் என நான்கு கூறாக மருத்துவத்தை வகுத்தார் வள்ளுவர். புலம்பெயர்ந்த நம் வீடுகளில் நோயாளி வாய் திறப்பதில்லை; உடனிருப்பவர் குளிரைக் குறை கூறிக் கடந்துவிடுகிறார். உங்கள் இல்லத்தில் தாயோ தமக்கையோ மாதக்கணக்கில் சோர்ந்து, சால்வையை விடாமல் போர்த்தியிருந்தால், ஒருமுறை அவரைக் குருதிச் சோதனைக்கு அழைத்துச் செல்லுங்கள். அவர் வேண்டாம் என்பார். இருப்பினும் அழைத்துச் செல்லுங்கள்.